கேள்வி யாருடையது, தரவு யாருடையது: சமூகவியலாளரின் வேலையும் நிலையும்

வேலை விளம்பரங்களில் "சமூகவியலாளர் தேவை" என்ற வரி அரிதாகவே கண்ணில் படும். ஆய்வு அலுவலர், கண்காணிப்பு மற்றும் மதிப்பீட்டு அலுவலர், மறுகுடியமர்த்தல் ஆலோசகர், சமூகப் பாதுகாப்பு நிபுணர், சமூக மேம்பாட்டு அலுவலர் என்று வேறு பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களில் கேட்கப்படும் வேலையில் பெரும்பகுதி சமூகவியல் படித்தவர் செய்யக்கூடியதுதான். ஆனால் அதே இடத்துக்குப் பொருளியல், புள்ளியியல், மேலாண்மை, சமூகப்பணி படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பதிவு உண்டு. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் குற்றம். பல நாடுகளில் சமூகப்பணியாளருக்கும் உரிமம் வேண்டும். சமூகவியலாளர் என்ற பெயரை மட்டும் பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

விதிவிலக்குகள் சில உண்டு. பிரேசில் 1980 டிசம்பரில் இயற்றிய சட்டம் சமூகவியலாளர் தொழிலை வரையறுத்து, அந்தப் பெயரில் வேலை செய்யப் பதிவைக் கட்டாயமாக்கியது. அமெரிக்க மத்திய அரசின் பணி வகைப்பாட்டில் சமூகவியலுக்கு 0184 என்ற தனி எண் இருக்கிறது. ஆனாலும் 0101 என்ற பொதுச் சமூக அறிவியல் வரிசை வழியாகவும் சமூகவியல் படித்தவர்கள் உள்ளே போகிறார்கள். 1905-இல் தொடங்கிய அமெரிக்கச் சமூகவியல் சங்கமும் 1949-இல் யுனெஸ்கோவின் துணையோடு உருவான பன்னாட்டுச் சமூகவியல் சங்கமும் நெறிமுறை வகுத்திருக்கின்றன. ஒருவர் அதை மீறினால் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். அவர் வேலை பார்ப்பதைத் தடுக்க முடியாது.

பதிவு இல்லாததால் குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை, பொய்யான ஆய்வுக்குத் தண்டனை தரும் அமைப்பும் இல்லை. இவை உண்மையான குறைகள். ஆனால் அன்றாட வேலையில் ஒரு சமூகவியலாளர் நிமிர்ந்து நிற்பாரா, வளைந்து கொடுப்பாரா என்பதை முடிவு செய்பவை வேறு இரண்டு. ஆய்வுக் கேள்வியை எழுதுவது யார், திரட்டிய தரவு யார் கையில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கேள்வி ஓரளவுக்கு அவருடையது, ஆனால் அதைத் தேட நேரமும் பணமும் இல்லை. அரசுப் பணியில் பணமும் வண்டியும் ஆட்களும் கிடைக்கும், ஆனால் கேள்வி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இரண்டு பக்கத்துச் சிக்கல்களும் தெளிவாகும்.

பக்கவாசல் வழியாக வந்த துறை

பிரெஞ்சுச் சமூகவியலின் முன்னோடி எமில் துர்க்கேம் 1887-இல் பொர்தோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவருக்குத் தரப்பட்ட வேலை சமூக அறிவியலோடு கல்வியியலையும் கற்பிப்பது. ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்குப் பாடம் நடத்துவதுதான் அவர் வேலையின் பெரும்பகுதி. 1902-இல் பாரிஸுக்கு வந்தபோதும் கல்வியியல் துறையில்தான் இடம் கிடைத்தது. அவர் வகித்த பேராசிரியர் பதவியின் பெயரில் "சமூகவியல்" என்ற சொல் 1913-இல்தான் ஏறியது. சிகாகோவில் 1892-இலேயே தனித் துறை கிடைத்தது. பம்பாயில் 1919-இல் துறையைத் தொடங்கிய பாட்ரிக் கெட்டிஸ் உயிரியல் படித்தவர், நகரத் திட்டமிடுபவர்.

இது பழங்கதை இல்லை. இன்றும் கணிசமான சமூகவியலாளர்கள் பிற துறைகளின் தயவில்தான் வேலையில் இருக்கிறார்கள். செவிலியர் படிப்பில் ஒரு தாள், சட்டப் படிப்பில் ஒரு தாள், ஆசிரியர் பயிற்சியில் ஒரு தாள், மேலாண்மையில் ஒரு விருப்பப்பாடம். சமூகவியலைப் பட்டமாக எடுக்கும் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், இந்தத் தாள்களால் துறையின் வகுப்பு எண்ணிக்கை நிற்கும். ஒரு துறைக்கு எத்தனை நிரந்தர இடங்கள் என்பதை நிர்வாகம் பெரும்பாலும் மாணவர் தலைக்கணக்கையும் வகுப்பு மணிக்கணக்கையும் வைத்தே முடிவு செய்கிறது. ஆகவே இந்தச் சேவைத் தாள்கள் கழன்றால் துறையே ஆட்டம் காணும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2024 ஜனவரியில், அரசுப் பல்கலைக்கழகங்களின் பொதுக்கல்விக் கட்டாயத் தொகுப்பிலிருந்து சமூகவியல் அறிமுகத் தாள் நீக்கப்பட்டது. யாரும் எந்தத் துறையையும் மூடவில்லை. ஆனால் முதலாண்டு மாணவர்களை உள்ளே கொண்டுவந்த கதவு சாத்தப்பட்டது.

ஒரு துறை தேயும் விதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். மூத்த பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், இடம் நிரப்பப்படுவதில்லை. அந்த வகுப்புகளுக்குத் தற்காலிக விரிவுரையாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முனைவர் பட்ட மாணவர்களை வழிகாட்டும் தகுதி தரப்படாததால் ஆய்வு மாணவர் எண்ணிக்கை விழுகிறது. சிறப்புத் தாள்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. தேர்வு செய்யத் தாள் இல்லாத பட்டப்படிப்புக்கு மாணவர்கள் வருவதில்லை. கடைசியில் "மாணவர் சேர்க்கை குறைவு" என்று காரணம் காட்டி வேறு துறையோடு இணைக்கிறார்கள். முதல் படியில், அந்த ஓய்வுக்குப் பின் நிரப்பாத ஒரே இடத்தில், எதிர்ப்பு எழுந்திருக்க வேண்டும். நான்காவது படியில் எழும் எதிர்ப்புக்குக் காட்ட எண்கள் இருக்காது.

மூடிய துறையைத் திறப்பது எளிதல்ல. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் சமூகவியல் துறையை மூட 1989-இல் முடிவெடுத்து 1991-இல் மூடியது. மறுபடி நிறுவியது 2015-இல். சீனாவில் 1952-இல் பல்கலைக்கழகங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சமூகவியல் பாடமே ஒழிக்கப்பட்டது. 1979-இல் அதை மீட்டெடுக்கும் பொறுப்பு ஃபெய் சியாவ்தோங் முதலான முதியவர்களிடம் வந்து சேர்ந்தது. இடையில் 27 ஆண்டுகள். ஒரு தலைமுறை ஆசிரியர்களே உருவாகவில்லை. புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிடலாம். களத்தில் எப்படி உட்கார்ந்து கேட்பது என்று கூடவே அழைத்துப்போய்க் காட்டும் ஆசிரியரை வாங்க முடியாது.

ஒரு வாரத்தின் கணக்கு

வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பழகிய பாடத்துக்குக்கூட ஒரு மணி வகுப்புக்கு ஒரு மணி தயாரிப்பு வேண்டும், ஆக 32. மூன்று தாள், தாளுக்கு 60 மாணவர், பருவத்துக்கு ஆளுக்கு 2 கட்டுரை, ஒன்றைத் திருத்த 15 நிமிடம் என்றால் 90 மணி நேரம். 15 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 6 மணி. மொத்தம் 38. இதில் துறைக் கூட்டம், தர மதிப்பீட்டுக் கோப்பு, சேர்க்கைப் பணி, தேர்வு மேற்பார்வை எதுவும் சேரவில்லை. ஆய்வுக்கு மிஞ்சுவது விடுமுறையும் தூக்கமும்தான்.

நிரந்தர ஆசிரியராவது விடுமுறையில் களத்துக்குப் போகலாம். மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விரிவுரையாளருக்கு விடுமுறையில் சம்பளம் இல்லை. பல இடங்களில் ஒப்பந்தம் முடிந்த நாளோடு நூலக நுழைவும் மின்னஞ்சல் முகவரியும் முடிந்துபோகும். ஆய்வு நிதிக்கு அவர் முதன்மை ஆய்வாளராக விண்ணப்பிக்க முடிவதில்லை, ஏனென்றால் திட்டம் 24 மாதம், அவர் ஒப்பந்தம் 10 மாதம். அவர் எழுதிக் கொடுத்த திட்டம் ஒரு நிரந்தர ஆசிரியரின் பெயரில் போகிறது. நிதி வந்தபின் அவருடைய பங்கு "திட்ட உதவியாளர்" என்று பதிவாகிறது. அடுத்த நேர்காணலில் அந்த நிதி அவர் கணக்கில் வராது. இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தால், திட்ட விண்ணப்பத்திலேயே இணை ஆய்வாளர் என்ற இடத்தில் பெயர் ஏற வேண்டும் என்று கேட்க வேண்டும். விண்ணப்பம் போன பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம்.

பதவி உயர்வுக்கான மதிப்பெண் முறை இதோடு சேர்ந்து நெரிக்கிறது. களத்தில் ஓராண்டு தங்கி, மூன்று ஆண்டு எழுதி, ஓராண்டு பதிப்புக்குக் காத்திருந்து வரும் நூல் சமூகவியலின் முதன்மையான வடிவங்களில் ஒன்று. மதிப்பெண் அட்டவணையில் அது இரண்டு மூன்று கட்டுரைகளுக்குச் சமமாக நிற்கும். ஆய்விதழின் தாக்க எண் கணக்கிடப்படும் முறையும் இந்தத் துறைக்குப் பொருந்துவதில்லை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அந்த எண். உயிர்வேதியியலில் இரண்டு ஆண்டு நீண்ட காலம். சமூகவியலில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டு, இன்னொரு கள ஆய்வில் சோதிக்கப்பட்டு மேற்கோளாக வரவே நாலைந்து ஆண்டு ஆகலாம். இதழின் எண்ணைக் கொண்டு ஆளை அளக்கக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் சொன்னது. ஆய்வை எண்களால் அளப்பது பற்றி 2015-இல் வந்த லைடன் அறிக்கை பத்துக் கொள்கைகளை முன்வைத்தது. அதில் மூன்றாவது, உள்ளூர்ப் பொருத்தம் கொண்ட ஆய்வின் தரத்தைக் காக்க வேண்டும் என்பது. ஆங்கிலத்தில் எழுதாத எல்லாச் சமூகவியலாளருக்கும் அந்த வரி ஒரு பிடி. பதவி உயர்வுக் கோப்போடு வைக்கும் தன்விளக்கக் குறிப்பில் அதைக் காட்டி, தாய்மொழிக் கட்டுரையை யார் படித்தார்கள், எந்தத் துறையில் பயன்பட்டது என்று எழுதினால் சில குழுக்களாவது கேட்கும்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவைப் பற்றியும் ஒரு சொல். இன்றைய படிவங்களில் பல, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அமெரிக்காவில் நெறி வகுத்து 1979-இல் வந்த பெல்மாண்ட் அறிக்கையின் வழியில் உருவானவை. அதன் பின்னணியில் இருந்த முதன்மையான கவலை மருத்துவச் சோதனை. கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் மருத்துவமனையில் நோயாளியைக் காக்கிறது. நிலத்தகராறு, கொத்தடிமை, சட்டவிரோதக் குடியேற்றம் பற்றிப் பேசுபவருக்கு அதே கையொப்பம் அவரைக் காட்டிக்கொடுக்கும் ஒரே தாளாகிவிடும். வாய்மொழி ஒப்புதல் போதும், அது எப்படிப் பதிவாகும், சாட்சி யார், பெயர் எங்கும் எழுதப்படாது என்று விண்ணப்பத்திலேயே விளக்கினால் பல குழுக்கள் ஏற்கின்றன. படிவத்தில் உள்ள கட்டத்தை அப்படியே நிரப்பிவிட்டுக் களத்தில் வேறு மாதிரி நடந்துகொள்வதுதான் ஆபத்து. புகார் வந்தால் ஆய்வாளரைக் காக்க எதுவும் இருக்காது.

அரசின் மேசையில்

அரசுக்குள் சமூகவியலாளர்கள் நிலையான இடம் பிடித்ததற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்க வேளாண் துறையில் 1919-இல் தொடங்கிய கிராம மக்கள், கிராம வாழ்க்கைப் பிரிவு. சார்லஸ் கால்பின் தொடங்கினார், பின்னர் கார்ல் டெய்லர் நடத்தினார். வேளாண் குடும்பங்களின் இடப்பெயர்வு, வாழ்க்கைத்தரம், ஊர் அமைப்பு என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வு செய்தது. 1940-களில் மிசிசிப்பி மாநிலத்தின் ஒரு கவுண்டியை (மாவட்டம் போன்ற பகுதியை)ப் பற்றிய அறிக்கையில் கறுப்பர், வெள்ளையர் உறவு பற்றி எழுதியிருந்தது வெளியே தெரிந்தது. தென் மாநில நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். 1946-இல் நாடாளுமன்றம், துறைக்கு ஒதுக்கும் பணத்தைப் "பண்பாட்டு ஆய்வுகளுக்கு"ச் செலவிடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. 1953-இல் பிரிவே கலைக்கப்பட்டது. அந்த ஆய்வில் பிழை என்று யாரும் நிறுவவில்லை. அதிகார உறவுகளைத் தொட்டதுதான் குற்றம்.

இதற்கு நேர்மாறான அழிவும் உண்டு. 1964-இல் அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்துத் தொடங்கிய கேமலாட் திட்டம், வளரும் நாடுகளில் உள்நாட்டுக் கலகம் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்லச் சமூக அறிவியலைப் பயன்படுத்த நினைத்தது. அழைப்பு வந்தபோது நார்வே சமூகவியலாளர் யோஹான் கால்டுங் மறுத்துவிட்டு, சிலியில் இருந்த சக ஆய்வாளர்களுக்கும் தெரியப்படுத்தினார். சிலியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1965 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. அதோடு விஷயம் முடியவில்லை. ராணுவத்தோடு தொடர்பே இல்லாத ஆய்வாளர்கள்கூடக் களத்தில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். முதல் கதையில் அரசு பிடிக்காத பதிலைத் தண்டித்தது. இரண்டாவதில் ஆய்வாளர்கள் அரசின் கேள்வியை ஆராயாமல் தம்முடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

அரசுப் பணியில் சமூகவியலாளரின் சொல் எடுபடுவது எப்போது என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அவர் கையொப்பம் இல்லாமல் கோப்பு நகராது என்ற விதி இருக்கும்போதுதான். 1974-இல் மைக்கேல் செர்னியா உலக வங்கியின் முதல் உள்நிலைச் சமூகவியலாளராகச் சேர்ந்தார். 1980-இல் கட்டாய இடப்பெயர்வு பற்றி வங்கி வகுத்த கொள்கைக்கு அவர் உழைப்பு அடிப்படை. அதன் பிறகு, அணையோ சாலையோ, மக்களை இடம்பெயர்க்கும் திட்டம் என்றால் மறுகுடியமர்த்தல் திட்டம் இல்லாமல் கடன் நகராது என்ற நிலை வந்தது. 2018 முதல் நடைமுறையில் உள்ள வங்கியின் சுற்றுச்சூழல், சமூகச் சட்டகத்தில் ஐந்தாவது தரநிலை அதன் தொடர்ச்சி. இந்தியாவின் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை ஆறு மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. அதை ஆராயும் வல்லுநர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும் என்கிறது. இப்படிப்பட்ட வாசல்கள் உள்ள இடத்தில் வேலையும் இருக்கிறது, மதிப்பும் இருக்கிறது. வாசல் இல்லாத துறைகளில் சமூகவியலாளர் அறிக்கைக்கு முன்னுரை எழுதும் ஆளாகிவிடுகிறார்.

வாசல் இருந்தாலும் வேலை கெட்டுப்போகப் பல வழிகள் உண்டு. ஒரு மறுகுடியமர்த்தல் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்வோம். பாதிக்கப்படும் ஒவ்வொரு வீட்டையும் விடாமல் எண்ணும் முழுக் கணக்கெடுப்பு ஒன்று; வாழ்வாதாரத்தை ஆழமாகக் கேட்கும் மாதிரி ஆய்வு மற்றொன்று. பணம் மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒன்றாக்கி மாதிரியை மட்டும் எடுத்தால், பட்டியலில் இல்லாத வீட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. நிலப் பதிவேட்டை வைத்துத் தொடங்கினால் குத்தகைக்காரர், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிடுபவர், வாடகை வீட்டார், பொது நிலத்தில் மேய்ப்பவர் எல்லாரும் விடுபடுவார்கள். பூட்டிய வீடுகளை "ஆளில்லை" என்று குறித்துவிட்டு நகர்ந்தால், பருவ வேலைக்கு வெளியூர் போன ஏழைகள்தான் பெரும்பாலும் காணாமல் போவார்கள். குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில், ஒரு முறையாவது விடுமுறை நாளில் கதவைத் தட்ட வேண்டும். அண்டை வீட்டாரிடம் கேட்டுப் பெயரையாவது எழுதி வர வேண்டும். எந்த நாள் வரை குடியிருந்தவருக்கு இழப்பீடு என்ற தகுதி நாளைப் பகிரங்கமாக அறிவிக்காமல் எண்ணத் தொடங்கினால் புதுக் குடிசைகள் முளைக்கும். பிறகு உண்மையானவரையும் சேர்த்து எல்லாரையும் சந்தேகிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாலையின் தடம் வரைபடத்தில் முடிவான பிறகு சமூகவியலாளரை அழைப்பது. நூறு மீட்டர் தள்ளிப் போட்டால் ஒரு தெரு தப்பும் என்று அவர் காட்டினாலும், வரைபடம் மாறாது.

புள்ளியியல் அலுவலகத்தில் வேலை இதைவிட அமைதியானது, விளைவு இதைவிடப் பெரியது. குடும்பம் என்றால் என்ன? ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களா, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களா? உலகக் கணக்கெடுப்புகளில் இரண்டு வரையறையும் வழக்கில் உள்ளன. கூரையை வைத்தால் ஒரு வீட்டில் வாழும் திருமணமான இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு குடும்பம்; அடுப்பை வைத்தால் இரண்டு. நலத்திட்ட உதவி குடும்பத்துக்கு ஒன்று என்றால் மக்கள் தங்களைப் பிரித்துச் சொல்வார்கள். சொத்து வரம்பு குடும்பத்துக்கு இவ்வளவு என்றால் இன்னும் வேகமாகப் பிரிவார்கள். வரையறை ஒரு வரிதான். அதை எழுதும் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்ல ஒரு சமூகவியலாளர் உட்கார்ந்திருந்தால், பத்து ஆண்டுக்கு நிற்கும் ஓர் எண் கொஞ்சம் உண்மையோடு நெருங்கும்.

ஒப்பந்தத்தில் ஒளிந்திருப்பவை

நிரந்தர அரசு இடங்கள் குறைந்ததால் இன்று பெருமளவு வேலை ஒப்பந்தமாகப் போகிறது. செய்ய வேண்டிய வேலையை வரையறுக்கும் பணிவரம்பு ஆவணத்தில் "640 வீடுகள், 90 நாள்" என்று இருக்கும். 95 விழுக்காடு நம்பகத்தோடு கூட்டல் கழித்தல் 5 புள்ளி துல்லியத்துக்கு 384 வீடு போதும் என்பது எளிய சூத்திரம். ஊர்களைக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் அதை ஒன்றரை மடங்காக்கினால் 576. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று சேர்த்தால் 640. இதுவரை சரி. தொடக்கக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் "நான்கு மண்டலத்துக்கும் தனித்தனி முடிவு வேண்டும்" என்பார். அதே துல்லியத்தோடு என்றால் 2,560 வீடு. 10 களப்பணியாளர், ஆளுக்கு நாளைக்கு 5 பேட்டி என்றால் 13 நாளில் முடிய வேண்டியது 52 நாளாகும். அனுமதிக் கடிதங்களுக்கும் தயாரிப்புக்கும் 15 நாள், பயிற்சிக்கும் வினாநிரலைச் சோதிப்பதற்கும் 7 நாள். மீதி 16 நாளில் தரவைச் சுத்தம் செய்து, அலசி, எழுத வேண்டும். இந்தக் கணக்கை அந்தக் கூட்டத்திலேயே தாளில் போட்டுக் காட்டி, நாளைக் கூட்டுங்கள் அல்லது மண்டல முடிவை விட்டுவிடுங்கள் என்று கேட்பதுதான் நேர்மை. "பார்த்துக்கொள்ளலாம்" என்று தலையாட்டினால், களப்பணியாளர் மரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதில் போய் முடியும். பத்து விழுக்காடு வீடுகளை மேற்பார்வையாளர் திரும்பப் போய்ச் சரிபார்க்கும் வேலையும் அந்த நெருக்கடியில்தான் முதலில் கைவிடப்படுகிறது.

ஆழ்நேர்காணலுக்கும் இதே மாதிரிக் கணக்கு உண்டு. ஒரு மணி நேர ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுத 6 மணி நேரம் ஆகும் என்று கொண்டால், 40 நேர்காணலுக்கு 240 மணி. எட்டு மணி நேர நாளாக 30 நாள். அதைப் படித்துக் குறியிட இன்னும் மூன்று வாரம். ஒப்பந்தங்களில் பெரும்பாலும் நேர்காணலுக்குச் செலவு இருக்கும், எழுத்தாக்கத்துக்கு இருக்காது.

பணம் தரும் தவணையையும் கவனிக்க வேண்டும். கடைசித் தவணை பாதித் தொகை, அது "அறிக்கை ஏற்கப்பட்ட பின்" என்று இருந்தால், முடிவுரையை யார் எழுதுகிறார் என்பது அந்த மூன்று சொல்லில் தீர்மானமாகிவிடுகிறது. "அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டு, 30 நாளுக்குள் எழுத்தில் கருத்துப் பெறப்பட்டு, பதில் தரப்பட்ட பின்" என்று மாற்றக் கேட்கலாம். வெளியிடும் உரிமைக்கும் அதே வழி: முடிவை வெளியிடுமுன் துறைக்கு 90 நாள் அவகாசம், பதில் வராவிட்டால் தடையில்லை என்று ஒரு வரி. வீட்டு எண்ணையும் பெயரையும் இணைக்கும் திறவுகோல் கோப்பு துறைக்குப் போகாது என்று இன்னொரு வரி. இந்த மூன்று வரிகளுக்கும் ஒப்பந்தம் போடும் நாளில் கேட்டால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். தரவு கைக்கு வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

திறவுகோல் கோப்பு விஷயம் வெறும் சம்பிரதாயம் இல்லை. 1993-இல் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் ஆய்வாளர், தம்மிடம் நம்பிப் பேசியவர்களைப் பற்றி நீதிமன்ற விசாரணையில் சொல்ல மறுத்ததற்காக அமெரிக்காவில் 159 நாள் சிறையில் இருந்தார். பத்திரிகையாளருக்குச் சில இடங்களில் கிடைக்கும் பாதுகாப்பு சமூகவியலாளருக்குச் சட்டத்தில் இல்லை என்பதை அந்த வழக்கு காட்டியது. ஆகவே, வைத்திருக்கத் தேவையில்லாத பெயரைத் தொடக்கத்திலேயே எழுதாமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. எழுதியே ஆக வேண்டுமென்றால், எப்போது அழிக்கப்படும் என்று ஒப்புதல் பெறும்போதே சொல்லிவிட வேண்டும்.

சுருக்கத்தை யார் எழுதுவது என்பதும் ஒப்பந்த விஷயம்தான். அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் 1964-இல் கேட்டதன்படி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 4,000 பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆய்ந்து 1966-இல் 737 பக்க அறிக்கை வந்தது. பள்ளியின் கட்டட வசதியைவிட மாணவரின் குடும்பப் பின்னணி அதிகம் பேசுகிறது என்ற முடிவு அரசுக்கு உவப்பாக இல்லை. ஜூலை 4 விடுமுறை வார இறுதியை ஒட்டி அது வெளியிடப்பட்டது. செய்தியாளர்கள் படித்தது கல்வித் துறை அலுவலர்கள் தயாரித்த சுருக்கத்தைத்தான். முழு அறிக்கையின் கூர்மை அதில் இல்லை. ஆய்வாளர்கள் எண்களை மறுபடி எடுத்து அலசியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. நான்கு பக்கச் சுருக்கத்தை ஆய்வாளரே எழுதுவார், அதுவும் அறிக்கையின் பகுதியாகவே வெளிவரும் என்று பணிவரம்பில் சேர்த்துவிடுவது அதனால்தான் முக்கியம்.

இரண்டு கரைக்கும் நடுவே

மைக்கேல் புரவாய் 2004-இல் அமெரிக்கச் சமூகவியல் சங்கத் தலைவராக ஆற்றிய உரையில் சமூகவியலை நான்காகப் பிரித்தார்: துறைசார், கொள்கைசார், விமர்சன, பொதுமக்கள் சமூகவியல். ஒவ்வொன்றும் மற்றவற்றுக்குத் தேவை என்றார். உயிருள்ள விவாதத்தைத் தொடங்கிவைத்த பிரிப்பு அது. ஆனால் ஒரே ஆள் நான்கையும் செய்ய நேரும்போது எந்த வேலைக்குச் சம்பளம், எதற்கு மதிப்பெண் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பல்கலைக்கழகம் துறைசார் வேலைக்கு மதிப்பெண் தருகிறது. அரசு கொள்கைசார் வேலைக்குப் பணம் தருகிறது. மற்ற இரண்டும் சொந்த நேரத்தில் நடக்கின்றன. பிரிட்டனின் 2021 ஆய்வுத்தர மதிப்பீட்டில் பல்கலைக்கு வெளியே ஏற்பட்ட தாக்கத்துக்கு 25 விழுக்காடு எடை கொடுத்தார்கள். அது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் தாக்கத்தை நிரூபிக்கச் சான்றுக் கடிதம் தரக்கூடியவர் பெரும்பாலும் அதிகாரியோ அமைப்போதான். ஒரு தவறான திட்டத்தை நிறுத்தியதற்கு யாரும் சான்று எழுதித் தருவதில்லை.

பல்கலையிலிருந்து அரசுக்கும் அங்கிருந்து இங்கும் போய்வருவது பல நாடுகளில் ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. மூன்று ஆண்டு அரசுத் துறையில் இருந்தவரிடம் ஆய்விதழ்க் கட்டுரை இருக்காது. அவர் எழுதியதெல்லாம் துறைக் கோப்பில் பெயரில்லாமல் கிடக்கும். அரசில் இருக்கும்போதே ஆண்டுக்கு ஒன்றாவது, துறையின் ரகசியத்தைத் தொடாத முறையியல் கட்டுரை எழுதலாம். பூட்டிய வீடுகளை எப்படிக் கையாண்டோம், எந்தக் கேள்விக்கு மக்கள் இருவிதமாகப் பதில் சொன்னார்கள், ஏன் என்பது போன்றவை. எந்த அலுவலகமும் அதைத் தடுக்கக் காரணம் இல்லை, ஆய்விதழ்களுக்கும் அது தேவை.

திரட்டிய தரவைப் பெயர் நீக்கி ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பது இன்னொரு வழி. கொலோனில் 1960-இலும், மிச்சிகனில் 1962-இலும், எசெக்ஸில் 1967-இலும் தொடங்கிய தரவுக் காப்பகங்கள் இன்றும் புதிய ஆய்வுகளுக்குப் பழைய வினாநிரல்களைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. காப்பகத்தில் சேர்ந்த தரவுக்கு அடையாள எண் உண்டு, மேற்கோள் காட்டலாம், திரட்டியவர்கள் பெயர் நிற்கும். அப்படிச் சேர்க்கும்போது ஒரு தொகுப்பில் மூன்று கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும்: களத்தில் பயன்பட்ட மொழியிலேயே வினாநிரல், ஒவ்வொரு மாறிக்கும் குறியீட்டு விளக்கம், களத்தில் திட்டத்திலிருந்து விலக நேர்ந்தவற்றின் குறிப்பு. மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எந்த ஊரில் மழையால் மாதிரி மாறியது, எந்தக் களப்பணியாளரின் படிவங்கள் நீக்கப்பட்டன, எந்தக் கேள்வி பாதியில் திருத்தப்பட்டது என்று அதில் இருக்கும். அந்தப் பக்கம் இருந்தால் இருபது ஆண்டு கழித்து அதைத் திறப்பவரால் எண்ணை நம்பி எடுத்தாள முடியும்.